ஒற்றைச் சக்கர இழுவண்டியும் வரப்பு வழியும்

விளைவிப்பது ஒரு பாடு; விளைந்ததை நிலத்தினின்று வெளியே கொண்டு சேர்ப்பது மற்றொரு பாடு. முதலாவதைப் பற்றி உழவர்களுக்கு யோசனை கூறுவோர் பலர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. விதை, எரு, நீர், பூச்சி ஆகியவற்றைக் குறித்து எவ்வளவோ எழுதப்பட்டுள்ளது. ஆனால், விடியற்காலையில் பறித்த கத்தரிக்காய்க் கூடை அரைக் கிலோமீட்டர் வரப்பைக் கடந்து தார்ச்சாலையை அடைவதற்குள் எத்தனை முறை இறக்கி ஏற்றப்படுகிறது என்பதையும், அதைச் சுமந்து வருபவரின் கழுத்தும் இடுப்பும் என்ன பாடு படுகின்றன என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பவர் அரியர்.

தமிழ்நாட்டில் சிறு உழவர்களின் நிலங்களிற் பல, வண்டிப் பாதையை ஒட்டி அமைந்தவை அல்ல. ஒருவர் தம் நிலத்தை அடைய மற்றொருவரது வரப்பின்மேல் நடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. பாகப்பிரிவினையால் நிலம் துண்டுபடுந்தோறும் வரப்புகள் பெருகுகின்றன, வழிகள் பெருகுவதில்லை. இத்தகைய இடங்களுக்கு மாட்டு வண்டியும் வாராது, டிராக்டரும் வாராது. தலைச்சுமையும் சைக்கிளுமே கதி. 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது முதல், தம் காய்கறியைத் தாமே கொண்டுபோய் விற்கும் வாய்ப்பு சிறு உழவர்களுக்கு ஏற்பட்டுள்ளது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள முதலில் வேண்டுவது, சரக்கு நசுங்காமலும் சிந்தாமலும் உரிய நேரத்தில் சந்தைக்கு வந்து சேர்வதே.

இந்நிலையில், சைக்கிளின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் ஒற்றைச் சக்கர இழுவண்டியைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும். இதைக் காணும்போது இருவகை அபிப்பிராயங்கள் எழுவது இயல்பு. “தானாக நிற்கமாட்டாத வண்டி என்ன வண்டி? இது சிறுவர் விளையாட்டுப் பொருள்” என்று தள்ளுவது ஒன்று. “சக்கரம் ஒன்றானால் என்ன? கனத்த குழாயில் செய்தால் நூறு கிலோவையும் இழுக்கலாம்” என்று மிஞ்சுவது மற்றொன்று. இரண்டும் ஒரே தவற்றினின்று பிறந்தவை. இழுவண்டியின் நிலைப்பாட்டை அவ்வண்டியிலேயே தேடுவதுதான் அத்தவறு. ஒற்றைச் சக்கர இழுவண்டி தன் பலத்தால் நிற்பதன்று. சைக்கிளை ஓட்டுபவரின் சமநிலையைக் கடனாகப் பெற்று நிற்பது. ஆகையால், அதன்மேல் ஏற்றத்தக்க பாரத்தை இரும்பின் வலிமையைக் கொண்டு அளவிடலாகாது. ஓட்டுபவரின் உடல் வலிமையையும் வழியின் தன்மையையும் கொண்டே அளவிட வேண்டும். இவ்வொன்றை மனத்திற் கொண்டால் வண்டி பயன் தரும்; மறந்தால் காலும் முறியும், காயும் சிந்தும்.

வண்டியின் அமைப்பு

இவ்வண்டி மிக எளிய அமைப்பு உடையது. ஒரு முழ அகலமுள்ள நீண்ட தட்டு ஒன்று. அதன் பின்கோடியில் ஒரு சிறு சக்கரம். முன்கோடியில் கவை போன்ற இரு கைகள். இக்கைகள் சைக்கிளின் பின்சக்கரத்தை இருபுறமும் தழுவிச் சென்று, அச்சின் இரு முனைகளையும் பற்றிக்கொள்ளும். சக்கரத்திற்குச் சற்றுப் பின்னால் செங்குத்தான முளை ஒன்று உண்டு. அச்சைப் பற்றிய இடத்தில் வண்டி மேலும் கீழும் அசையும். முளையில் இடமும் வலமும் திரும்பும். ஆனால் தனியே ஒரு பக்கமாகச் சாயாது. சைக்கிள் சாய்ந்தால் அதுவும் சாயும். சைக்கிள் நிமிர்ந்தால் அதுவும் நிமிரும்.

அமெரிக்காவில் 1990-களில் வழக்கிற்கு வந்து நெடுந்தூரப் பிரயாணிகளிடையே பெயர் பெற்ற ‘பாப் யாக்’ என்னும் இழுவண்டி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் சக்கரம் 16 அங்குல அளவுள்ளது. அதில் ஏற்றத்தக்க பாரம் 70 ராத்தல், அதாவது சுமார் 32 கிலோ என்று அதைச் செய்தவர்கள் வரையறுத்திருந்தனர். இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. நல்ல எஃகுக் குழாயால் செய்த அவ்வண்டியின் சட்டம் அதற்கு மேலும் கனத்தை முறியாமல் தாங்கக்கூடும். ஆயினும் பின்னால் தொங்கும் பாரத்தைச் சமாளிக்க வேண்டியவர் சைக்கிளின்மேல் இருக்கும் மனிதர். போலந்து நாட்டில் செய்யப்படும் ‘எக்ஸ்ட்ராவீல்’ என்னும் மற்றொரு வகையில் தட்டே கிடையாது. சைக்கிள் சக்கரத்தை ஒத்த பெரிய சக்கரம் ஒன்றின் இருபுறமும் பைகளைத் தொங்கவிடுகின்றனர். சக்கரம் பெரிதாயின் பள்ளத்தில் எளிதில் விழாது என்பது அதன் அனுகூலம்.

குறுகிய வழிக்கு ஒற்றைச் சக்கரமே உகந்தது என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. சீன தேசத்தில் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒற்றைச் சக்கரக் கைவண்டி வழங்கியது. நடுவில் பெரிய சக்கரம் ஒன்றும், அதன் இருபுறமும் சுமையும் அமைந்த வண்டிகளை அந்நாட்டு மக்கள் வயல்களின் இடையே உள்ள ஒற்றையடிப் பாதைகளில் தள்ளிச் சென்றனர். இரு சக்கர வண்டிக்கு இரண்டு தடம் வேண்டும். ஒற்றைச் சக்கரத்திற்கு ஒரு தடம் போதும். ஓர் அடி அகலமே உள்ள வரப்பில் இந்த வேறுபாடு சிறியதன்று.

கடன்பெற்ற சமநிலை

இரு சக்கர இழுவண்டி தானே நிமிர்ந்து நிற்கும். பாரத்தையும் மிகுதியாகத் தாங்கும். தார்ச்சாலையில் அதுவே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறி, மற்றது பள்ளத்தில் இறங்கினால் வண்டி குடை சாயும். வரப்பிலோ அதன் ஒரு சக்கரம் எப்பொழுதும் சேற்றிலேயே இருக்கும். ஒற்றைச் சக்கர வண்டி இவ்விதம் ஒரு புறம் மேடும் மறுபுறம் பள்ளமுமாக அகப்படுவதில்லை. சைக்கிள் சென்ற தடத்திலேயே பின்தொடர்கிறது.

இந்த அனுகூலத்திற்கு ஒரு விலை உண்டு. சைக்கிளும் இழுவண்டியும் ஒன்றாகச் சாய்வதால், இழுவண்டியிலுள்ள பாரத்தின் ஒவ்வொரு அசைவும் ஓட்டுபவரின் கைக்கும் இடுப்புக்கும் வந்து சேரும். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவர்கள் சைக்கிளை இடமும் வலமுமாக ஆட்டி மிதிப்பது வழக்கம். வெறுஞ்சைக்கிளில் இதனால் தீங்கில்லை. இழுவண்டி பூட்டியிருக்கும்போது அதே ஆட்டம் பின்னாலுள்ள பாரத்தையும் ஆட்டும். பாரம் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். ஓட்டுபவர் இடப்புறம் வரும்போது பாரம் வலப்புறம் இழுக்கும். ஆதலால், இழுவண்டி பூட்டியவர் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். உட்கார்ந்து மிதிக்க இயலாத மேடாயின் இறங்கித் தள்ளுவதே முறை.

இறங்கித் தள்ளுவதை இழிவாக எண்ண வேண்டுவதில்லை. இளநீர்க் குலைகளை இருபுறமும் தொங்கவிட்டுச் சைக்கிளை உருட்டிச் செல்லும் வியாபாரியை எவ்வூரிலும் காணலாம். அவ்வளவு சுமையுடன் அவர் ஏறி மிதிப்பதில்லை. 1954-ம் ஆண்டு வியட்நாமில் தியன் பியன் பூ போர்முனைக்கு உணவும் தளவாடமும் கொண்டுசென்ற மக்கள், ஒரு சைக்கிளில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றி மலைப்பாதைகளில் தள்ளிச் சென்றனர். சைக்கிள் தாங்கிய பாரம் அது. மனிதர் ஏறி ஓட்டிச் சமாளித்த பாரம் அன்று. தாங்கும் பாரம் வேறு, ஓட்டும் பாரம் வேறு என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றாகும்.

பாரமும் அதன் இடமும்

சைக்கிளின் காரியரில் வைக்கும் மூட்டை தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அதன் கனம் பின்சக்கரத்திற்கும் பின்னால் விழுமாயின் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி சொற்படி கேளாது. அன்றியும், உயர்ந்த மூட்டை பின்னால் இருக்கும்போது காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதே வருத்தம். இழுவண்டியிலோ அதே மூட்டை தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலேயே படுத்திருக்கும். ஏறுவதும் இறங்குவதும் எளிது. இதுவே இழுவண்டியின் தலையாய நன்மை. ஆனால் தட்டின்மேல் கூடைமேல் கூடையாக அடுக்கினால் இந்த நன்மை முழுவதும் வீணாகும். வண்டி சற்றே சாயும்போது ஓர் அடி உயரத்தில் ஓர் அங்குலம் விலகும் பாரம், மூன்றடி உயரத்தில் மூன்று அங்குலம் விலகும். அதை நிமிர்த்தவும் மும்மடங்கு முயற்சி வேண்டும். மெல்லச் செல்லும்போதும் நிறுத்தும்போதும் ஓட்டுபவரைக் கீழே தள்ளுவது இதுவே.

பாரத்தை முன்பின்னாக வைப்பதிலும் கவனம் தேவை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்பாரமான வண்டி நுகத்தடியை மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிப்பது போலவே, சக்கரத்திற்குப் பின்னால் கனம் வைத்த இழுவண்டி சைக்கிளின் பின்சக்கரத்தை மேலே தூக்கப் பார்க்கும். சற்று வேகம் கூடினால் வாலாட்டத் தொடங்கும். முன்பாரம் அளவு மிஞ்சினாலோ சைக்கிளின் பின்டயரும் ஆரக்கம்பிகளும் அக்கனத்தை ஏற்க வேண்டிவரும். சைக்கிள் அச்சிலிருந்து இழுவண்டிச் சக்கரத்தின் அச்சு 100 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், 30 கிலோ பாரத்தின் நடுவிடம் 70 செ.மீ. தூரத்தில் அமைவது நலம். அப்பொழுது 21 கிலோ இழுவண்டிச் சக்கரத்தின்மேலும், 9 கிலோ சைக்கிள் அச்சின்மேலும் விழும். சுருங்கக் கூறின், கனமானவை அடியிலும், இழுவண்டிச் சக்கரத்திற்குச் சற்று முன்னாகவும் இருத்தல் வேண்டும். இலேசானவை மேலே இருக்கலாம்.

இடவலச் சமனும் அத்துணை முக்கியமே. காவடித் தண்டின் இரு முனையிலும் கனம் ஒத்திருப்பது போல, தட்டின் இருபுறமும் கனம் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு புறம் 2 கிலோ மிகுந்தாலும் ஓட்டுபவர் வழிநெடுக மறுபுறம் சாய்ந்துகொண்டே செல்ல நேரிடும். பால் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரைக் கேன் பால் தளும்புவதுபோல் முழுக் கேன் பால் தளும்பாது. இரண்டு கேன்களில் பாதிப் பாதியாக ஊற்றுவதைவிட ஒன்றை நிறைய ஊற்றித் தட்டின் நடுக்கோட்டில் இறுகக் கட்டுவது மேல். கட்டும் கயிறு குறுக்கும் மறுக்குமாகச் செல்ல வேண்டும். மேலாகப் போட்ட ஒற்றைக் கட்டு முதல் பள்ளத்திலேயே நெகிழ்ந்துவிடும்.

எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பாரத்தை ஏற்றிக் கட்டியபின், சைக்கிளில் இரு கால்களையும் ஊன்றி நின்று, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை இடப்புறமும் வலப்புறமும் ஒரு சாண் சாய்த்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும். சிரமமின்றி நிமிர்த்த முடிந்தால் அப்பாரம் தகும். பல்லைக் கடித்து நிமிர்த்த வேண்டியிருந்தால் ஒரு கூடையை இறக்கிவிட வேண்டும். வலிய இளைஞர் ஒருவருக்குத் தகும் பாரம் அவர் தந்தைக்கோ தங்கைக்கோ தகாமற் போகலாம். எவராயினும் முதல் சில நாட்கள் 10 கிலோவுக்கு மேற்படாமல் ஏற்றிப் பழகுவதும், பழகிய பின்னும் 30 கிலோவைக் கடவாதிருப்பதும் விவேகமாகும்.

இணைப்பில் தளர்வு கூடாது

சிறு பட்டறைகளில் இவ்வண்டியைச் செய்விக்கும்போது நேரக்கூடிய பெருந்தவறு, சட்டத்தைக் கனமாகச் செய்து இணைப்பை அலட்சியமாக விடுவது. ஒரே போல்ட்டைக் கொண்டு ஸீட்டுக் குழாயில் பூட்டிவிட்டால் வேலை எளிது. ஆனால் பாரத்தின் பக்கவாட்டு இழுப்பு முழுவதும் உயரமான அவ்விடத்தில் விழுந்து, சைக்கிளையே முறுக்கும். ஒற்றைச் சக்கர வண்டிக்குத் தக்க இணைப்பு பின் அச்சின் இரு முனைகளையும் பற்றுவதேயாகும்.

முளையில் ஏற்படும் தளர்வைப் பற்றி எவ்வளவு கூறினாலும் தகும். 5 செ.மீ. நீளமுள்ள முளைக்குழலில் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோர், அது மிகச் சொற்பம் என்றே எண்ணுவர். ஆனால் 1 மீட்டருக்கு அப்பாலுள்ள சக்கரத்தில் அது 2 சென்டிமீட்டர் ஆட்டமாகப் பெருகும். வேகம் கூடக்கூட இவ்வாட்டம் ஒரு புறமிருந்து மறுபுறம் எதிரொலித்து, இறுதியில் கைப்பிடி வரையில் வந்து நடுக்கும். இந்நடுக்கம் தோன்றியவுடன் கடுமையாகப் பிரேக் பிடிப்பது ஆபத்து. மிதிப்பதை நிறுத்தி, கைப்பிடியை உறுதியாகப் பற்றி, மெல்ல வேகத்தைக் குறைப்பதே தக்கது. பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி முளையைச் சோதிக்க வேண்டும். தேய்ந்த முளையை மாற்ற ஆகும் செலவு, கவிழ்ந்த ஒரு நாள் சரக்கின் விலைக்கு ஈடாகாது. முளைக்குழல் நீளமாக இருக்க இருக்க ஆட்டம் குறையும். ஆகையால் கொல்லரிடம் சட்டத்தைக் கனமாக்கச் சொல்வதைவிட முளைக்குழலை நீளமாக்கச் சொல்வது நல்ல யோசனை.

மற்றொன்று. நம் நாட்டுச் சாதாரணச் சைக்கிளின் பின் அச்சில் காரியர்க் கம்பி, மட்கார்டுக் கம்பி, ஸ்டாண்டு ஆகிய யாவும் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். அதற்கும் மேல் இழுவண்டியின் பிடியை மாட்டினால் நட்டுக்கு மரை போதாமற் போகும். இரண்டே மரையில் பற்றி நிற்கும் நட்டு எந்த இடத்தில் கழலும் என்று யாரும் கூற முடியாது. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்னும் பழமொழி இவ்வண்டிக்கும் பொருந்தும். நீளமான அச்சு ஒன்றைச் சைக்கிள் கடையில் மாற்றிக்கொண்ட பின்னரே இழுவண்டியைப் பூட்ட வேண்டும். பிடி கழன்றாலும் வண்டி சாலை நடுவே ஓடிவிடாதபடி, ஒரு சிறு சங்கிலியோ தோல்வாரோ சைக்கிள் சட்டத்துடன் சேர்த்துக் கட்டியிருப்பது நன்று.

இழுவண்டியின் டயரில் காற்றுக் குறைந்தாலும் முளை தேய்ந்தாற்போன்ற ஆட்டம் உண்டாகும். ஆதலின் புறப்படுமுன் அதையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கரிசல் நிலங்களில் மழைக்குப் பின் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டில் அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவொட்டாமல் தடுக்கும். அவ்வூர்களில் இழுவண்டிக்கு மட்கார்டு இன்றியே விடுதல் நலம்.

ஓட்டும் முறை

வளைவில் இழுவண்டி உள்வாங்கும். மூன்று மீட்டர் ஆரமுள்ள வளைவில் சைக்கிளின் பின்சக்கரம் செல்லும் தடத்திற்கு உட்புறமாகச் சுமார் 15 செ.மீ. தள்ளியே இழுவண்டிச் சக்கரம் செல்லும். வளைவு குறுகக் குறுக இத்தூரம் மிகும். சாலையில் இதனால் அதிக நஷ்டமில்லை. வரப்பு மூலையிலோ சைக்கிள் திரும்பிவிடும், இழுவண்டி நாற்றங்காலில் இறங்கிவிடும். ஆகவே வரப்பு மூலையில் ஓட்டுபவர் இறங்கி, இழுவண்டியின் பின்கோடியைக் கையால் தூக்கித் திருப்பிவிட வேண்டும். நிலவுடைமையாளர்கள் தம் வரப்பு மூலைகளை மண்வெட்டியால் சிறிது வட்டமாக அகற்றிக் கொடுப்பார்களாயின் அண்டை அயலார் அனைவருக்கும் உபகாரமாகும்.

இழுவண்டிக்குத் தனியே பிரேக் கிடையாது. பாலத்துச் சரிவிலும் ஏரிக்கரை இறக்கத்திலும் பின்னாலுள்ள பாரம் சைக்கிளை முன்தள்ளும். வேகம் இருமடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்மடங்காகும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டைக்குப் பிடி குறைந்துபோவதும் அனைவரும் அறிந்ததே. இறக்கத்தின் தலைப்பிலேயே வேகத்தைக் குறைத்து, நேராகச் செல்லும்போதே பிரேக் பிடித்து, வளைவுக்குள் புகுந்தபின் பிடிக்காதிருக்க வேண்டும். வளைவில் திடீரெனப் பிடித்தால் இழுவண்டி பக்கவாட்டில் மடிந்து சைக்கிளைச் சுழற்றிவிடும்.

பின்னோக்கித் தள்ளுவதற்கு இவ்வண்டி ஏற்றதன்று. அவ்விதம் தள்ளினால் முளையில் மடிந்துகொள்ளும். எதிரே தலைச்சுமையுடன் ஒருவர் வருவது தெரிந்தால், அகலமான இடத்திலேயே முன்னதாக நின்றுவிடுவதுதான் உத்தமம். நிறுத்தி வைக்கும்போதும் அஜாக்கிரதை கூடாது. ஒற்றைக் கால் ஸ்டாண்டு, பாரம் ஏற்றிய இழுவண்டியுடன் சைக்கிளைத் தாங்காது. இரட்டைக் கால் ஸ்டாண்டு இருப்பதோடு, இழுவண்டிக்கும் தனியே முட்டுக்கால் ஒன்று வைத்தல் வேண்டும். பாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அம்முட்டுக்காலை ஊன்றிய பின்னரே ஆகலாம்.

எவருக்கு ஏற்றது?

இவ்வளவு நிபந்தனைகள் உள்ள வண்டி எதற்கு என்று சிலர் வினவலாம். 1980-ம் ஆண்டு டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வந்தது முதல் நாட்டுப்புறத்தில் பெருஞ்சுமைகளை மொபெட் வண்டிகளே ஏற்றிச் செல்கின்றன என்பதும் உண்மையே. அதற்கு வசதியும், அது செல்லத் தக்க வழியும் உள்ளவர்களுக்கு இழுவண்டி தேவையில்லை. நாள்தோறும் 60 கிலோ சரக்கை 5 கிலோமீட்டர் அப்பாலுள்ள சந்தைக்குக் கொண்டு செல்பவர், இழுவண்டியில் இரு நடையாக 20 கிலோமீட்டர் மிதிப்பதும் வீண் வேலை. ஆனால், ஒரு நாளைக்கு இரண்டு கூடை கீரையும் ஒரு கூடை காயும் விற்பவர், பூந்தோட்டத்தில் பறித்த பூவை விடியுமுன் சேர்க்க வேண்டியவர், கறவை மாடு ஒன்றோ இரண்டோ வைத்துப் பால் ஊற்றுபவர், தொழுவிலிருந்து எருவைச் சிறிது சிறிதாக வயலுக்குக் கொண்டுபோகிறவர், இத்தகையோர் பலர். இவர்களுக்கு எரிபொருள் செலவின்றித் தலைச்சுமையைத் தவிர்க்கும் சாதனம் அவசியம்.

இவர்களுள் பெண்கள் தொகை சிறியதன்று. 1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் குழந்தையையும் அவர்கள் சைக்கிளிலேயே கொண்டு சென்றனர். பள்ளி மாணவியருக்கு அரசு வழங்கும் சைக்கிள்கள் இன்று பல வீடுகளில் உண்டு. சைக்கிள் இருக்கிறது, ஓட்டும் பழக்கமும் இருக்கிறது, ஆனால் பாரம் மட்டும் இன்னும் தலைமேலேயே இருக்கிறது. இக்குறையைப் போக்கத் தாழ்வான இழுவண்டி ஓரளவு உதவும்.

அதே சமயம், சைக்கிளுக்காகச் செய்த ஒற்றைச் சக்கர இழுவண்டியை மொபெட்டிலோ மோட்டார் சைக்கிளிலோ பூட்டுவது அறவே கூடாது. மிதித்துச் செல்லும் வேகத்தில் அடங்கியிருக்கும் ஆட்டம், இயந்திர வேகத்தில் அடங்காது. குழந்தைகளை இதில் ஏற்றுவதும் தவிர்க்கத் தக்கது.

செய்யத் தக்கவை

புதிய கருவி எதுவாயினும் அதை அலுவலக வாசலில் தார்ச்சாலையில் ஓட்டிக்காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் உழவருக்குப் பயனில்லை. அங்கே எந்த வண்டியும் நன்றாகவே ஓடும். ஒற்றைச் சக்கர இழுவண்டியைச் செயல்விளக்கம் செய்ய விரும்புவோர், மழை பெய்த மறுநாள் வரப்பில், உண்மையான சரக்கை ஏற்றி, அவ்வூர்ப் பெண்களிடமும் முதியவர்களிடமும் கொடுத்து ஓட்டச் செய்ய வேண்டும். எங்கே சாய்ந்தது, எவ்வளவு பாரத்தில் சாய்ந்தது, எம்மூலையில் இறங்கியது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி கவிழ்ந்ததை மறைக்காமல் எழுதும் செயல்விளக்கமே அடுத்த வண்டியைத் திருத்தும்.

வட்டாரந்தோறும் உள்ள வேளாண் விரிவாக்க மையங்களில் ஓரிரு வண்டிகளை வைத்து, விரும்பும் உழவர்களுக்கு ஒரு வார காலம் இரவல் கொடுப்பது அதிகச் செலவுள்ள காரியமன்று. தம் வரப்பில், தம் சரக்குடன் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தவருக்கு அது தமக்கு ஏற்குமா ஏலாதா என்பதை வேறொருவர் கூற வேண்டியதில்லை. ஊர்க் கொல்லர்களுக்கும் வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும் முளைக்குழலின் நீளம், அச்சுப் பிடியின் அமைப்பு, தட்டின் தாழ்வு ஆகிய மூன்றைப் பற்றித் தெளிவான வரைபடம் ஒன்றை வேளாண் பொறியியல் துறையினர் தயாரித்தளித்தால் பெரும்பாலான விபத்துகள் பட்டறையிலேயே தடுக்கப்படும். ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றத்தக்க பாரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதும் அவசியம்.

ஒருவர் தனித்து வாங்க இயலாவிடில், அடுத்தடுத்து நிலமுடைய நால்வர் சேர்ந்து ஒரு வண்டியை வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாம். முறைநீர் பாய்ச்சிப் பழகிய ஊர்களில் முறைவண்டி இழுப்பது புதிதன்று. ஆனால் பலர் கையாளும் வண்டியில் முளையின் தேய்மானத்தை யார் கவனிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒற்றைச் சக்கர இழுவண்டி மாட்டு வண்டிக்கு மாற்றன்று, மொபெட்டுக்கும் மாற்றன்று. தலைச்சுமைக்கே மாற்று. அந்த அளவில் அதை மதித்து, தாழ ஏற்றி, இறுகக் கட்டி, இணைப்பைத் தினமும் பார்த்து, மெல்ல ஓட்டுபவர்களுக்கு அது நெடுநாள் உழைக்கும். அறுவடைக்கு முன்னுள்ள ஓய்ந்த நாட்களில், 10 கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தம் வரப்பில் ஒரு முறை இழுத்துப் பார்த்த பின்னரே எவரும் பணத்தை எண்ணிக் கொடுப்பது நலம்.